புற்றுநோய்க் குளிசையால் வரும் திடீர்ச் சூட்டுக்கு அக்குபங்சர்: மலையகத்தில் இருந்துகொண்டு எப்படிச் செய்துகொள்வது

தமொக்சிஃபென் குளிசையை யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "டீச்சர், உடம்பு கொதிக்குது, தாங்க முடியல." கிளினிக்கில் கேட்டால் "குடிக்கிறேன்" என்பார்கள். குளிசை மட்டை வீட்டு அலுமாரியில் அப்படியே கிடக்கும்.

மார்பகப் புற்றுநோய் திரும்பி வராமல் தடுக்கத்தான் அந்தக் குளிசை. ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் குடிக்க வேண்டும். அதை நிறுத்தாமல் குடித்து முடிக்க உதவும் ஒரு வழியாகத்தான் அக்குபங்சரை, அதாவது மெல்லிய ஊசிகளை உடம்பில் குத்தி வைக்கும் சீன வைத்தியத்தைப் பற்றி எழுதுகிறேன். அக்குபங்சர் புற்றுநோயைக் குணமாக்காது, குளிசைக்குப் பதிலும் ஆகாது. குளிசையோடு சேர்ந்து வருகிற சூட்டையும் வேர்வையையும் குறைத்துக்கொள்ள மட்டும்தான் அது.

நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவள். இடது மார்பில் ஒப்பரேஷன், பிறகு கீமோ, ரேடியேஷன். இப்போது தினமும் இரவில் தமொக்சிஃபென் 20 மில்லிகிராம். கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பும். கழுத்து, முகம், காது எல்லாம் சிவக்கும், முதுகில் வேர்வை ஓடும். நாலைந்து நிமிடத்தில் அடங்கிவிடும். ஆனால் நம்முடைய ஊரில் துன்பம் அதற்குப் பிறகுதான். வேர்வையில் நனைந்த சட்டையோடு மலைக்காற்றில் நின்றால் பல் கிட்டும். இரவில் கம்பளியைத் தள்ளுவதும் இழுப்பதுமாகவே விடிந்துவிடும்.

இது ஏன் வருகிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். உடம்பின் வெப்பத்தைக் கவனிப்பது மூளையில் உள்ள ஹைப்போதலமஸ். ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைந்தாலோ, தமொக்சிஃபென் அதை வேலை செய்ய விடாமல் மறித்தாலோ, சின்னச் சத்தத்துக்கும் குரைக்கிற காவல் நாய் மாதிரி அது ஆகிவிடுகிறது. உடம்பு ஒரு துளி சூடானாலும் "ஆபத்து" என்று தோலின் இரத்தக் குழாய்களைத் திறந்து, வேர்வையைக் கொட்டிச் சூட்டை இறக்கப் பார்க்கிறது. லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் போன்ற ஈஸ்ட்ரஜனைக் குறைக்கும் குளிசைகள் குடிக்கிறவர்களுக்கும், கீமோவால் மாதவிடாய் நின்றுபோன இளம் பெண்களுக்கும் இதே கதைதான். புரொஸ்டேட் புற்றுநோய்க்கு ஹோர்மோன் ஊசி போடுகிற ஆண்களுக்கும் வரும். அவர்கள் வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை. உங்கள் வீட்டு அப்பாவோ மாமாவோ ராத்திரியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஆண்களிடம் செய்த ஆய்வுகள் குறைவு, ஆனால் அவர்களும் அக்குபங்சரை முயன்று பார்க்கலாம்.

சரி, எங்கே தொடங்குவது? ஒரு கொப்பியிலிருந்து தொடங்குங்கள்.

பிள்ளைகள் எழுதி மிச்சம் விட்ட கொப்பி போதும். ஊசிக்குப் போவதற்கு முன் ஒரு வாரமாவது, முடிந்தால் இரண்டு வாரம், சூடு வருகிற ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் அது எவ்வளவு கடுமை என்று ஒரு இலக்கம்: லேசாக வந்து போனால் 1, வேர்த்தால் 2, செய்கிற வேலையை நிறுத்த வேண்டி வந்தால் 3, உடுப்பே நனைந்து மாற்ற வேண்டி வந்தால் 4. நாள் முடிவில் இலக்கங்களைக் கூட்டுங்கள். ஆய்வு செய்கிற டொக்டர்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் கணக்கெடுக்கிறார்கள். இது இல்லாமல் போனால், நாலு வாரம் கழித்து "கொஞ்சம் பரவாயில்லை மாதிரி இருக்கு" என்பதைத் தவிர உங்களால் வேறொன்றும் சொல்ல முடியாது. காசும் பஸ் செலவும் போட்டுச் செய்கிற காரியத்துக்கு அந்தப் பதில் போதாது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களுக்குக் கோடு போடத் தெரியும், இலக்கத்தைப் பேரப்பிள்ளை எழுதட்டும்.

கொப்பியில் இன்னொரு நன்மை, எதனால் சூடு கிளம்புகிறது என்பது தெரிந்துவிடும். எனக்குக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற பிளேன் டீ. தேயிலை நாட்டில் பிறந்துவிட்டு அதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் இப்போது ஆறவைத்துத்தான் குடிக்கிறேன். கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவருக்கு, இடுப்பில் இறுக்கிக் கட்டுகிற படங்குதான் காரணம் என்று தெரிந்தது. மழைத்தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் அதே படங்கு உடம்புச் சூட்டையும் வெளியே விடாது. மழையில்லாத நேரத்தில் அதை அவிழ்த்து வைக்க ஆரம்பித்தார், பகல் சூடு கொஞ்சம் குறைந்தது. தடித்த சுவெட்டர் ஒன்றுக்குப் பதிலாக மெல்லிய பருத்திச் சட்டைகள் இரண்டு மூன்று போட்டுக்கொண்டால், தேவைக்கு ஒன்றைக் கழற்றலாம், பிறகு போடலாம்.

அடுத்தது கிளினிக். கண்டியோ, பதுளையோ, மஹரகமவோ, எங்கே உங்கள் புற்றுநோய் கிளினிக்கோ அங்கே கேட்காமல் ஊசிக்குப் போகாதீர்கள். காரணம் இருக்கிறது. கீமோ நடக்கும் காலத்தில் வருகிற எல்லாச் சூடும் இந்தச் சூடல்ல. வெப்பமானி 38 பாகை செல்சியசைத் தொட்டால் அது காய்ச்சல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது. "இது வழக்கமாக வாற சூடுதானே" என்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. இதை வீட்டு ஆட்கள் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். தைரோயிட் கோளாறிலும் காச நோயிலும்கூட வேர்த்துக் கொட்டும், அவற்றையும் டொக்டர்தான் பார்த்து ஒதுக்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனை முடிவையும் கேளுங்கள். ஊசி சின்னதானாலும் தோலைத் துளைக்கிறது. இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 50,000க்குக் கீழே இருந்தாலோ, கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் 1,000க்குக் கீழே இருந்தாலோ பொதுவாகத் தள்ளிப் போடச் சொல்வார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிக்கிறவர்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு ஊசியில் மின்சாரம் கொடுக்கும் முறை ஆகாது. கிளினிக் டொக்டர் அவசரத்தில் இருப்பார், வரிசை நீளமாக இருக்கும், தெரியும். ஒரு துண்டில் இரண்டே கேள்வி எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள்: "சூட்டுக்கு அக்குபங்சர் செய்யலாமா? என் இரத்தக் கணக்கு அதற்குச் சரியா?" எனக்கு அப்படித்தான் பதில் கிடைத்தது, கொப்பியிலேயே எழுதித் தந்தார்.

ஊசி போடுகிறவரைத் தேடுவதுதான் மலையகத்தில் கஷ்டமான பகுதி. இலங்கைக்கு அக்குபங்சர் புதிதில்லை. களுபோவில ஆஸ்பத்திரியில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய நெடுங்காலம் அக்குபங்சர் கிளினிக் நடத்தினார், வெளிநாட்டு டொக்டர்கள்கூட வந்து அவரிடம் படித்தார்கள். ஆனால் நம் பக்கத்தில் ஒருவரைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் கண்டிக்கோ பெரிய டவுன் ஒன்றுக்கோ போக வேண்டி வரும். பெயர்ப் பலகையைப் பார்த்து உள்ளே போய்விடாதீர்கள். இலங்கை மருத்துவச் சபையிலோ ஆயுர்வேத மருத்துவச் சபையிலோ பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். புற்றுநோய் ஆட்களுக்கு ஊசி போட்டுப் பழக்கம் உண்டா என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் புது ஊசிப் பக்கெட்டை உங்கள் கண் முன்னால் உடைக்கிறாரா, முடிந்ததும் ஊசியைக் கூரான சாமான் போடும் பெட்டிக்குள் போடுகிறாரா என்று பாருங்கள். பழைய ஊசியைக் கொதிக்க வைத்துத் திரும்பப் பாவிக்கிற இடம் என்றால் அந்த வாசலோடு திரும்பிவிடுங்கள். ஈரல் அழற்சிக் கிருமிகள் அப்படித்தான் தொற்றும்.

நான் முதலில் போன ஓர் இடத்தில், என் மருந்து மட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த இங்கிலீஷ் குளிசையை நிறுத்துங்க, சூடு தானா போகும்" என்றார்கள். குளிசையை நிறுத்தினால் சூடு குறையலாம் என்பது உண்மைதான். நோய் திரும்பி வந்தால் அதற்கு யார் பொறுப்பு? நான் எழுந்து வந்துவிட்டேன். யார் அப்படிச் சொன்னாலும், எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், நீங்களும் எழுந்து வந்துவிடுங்கள். "புற்றையே ஊசியால் கரைக்கிறேன்" என்கிறவரிடமும் அப்படியே.

மொழிப் பிரச்சினையும் இருக்கிறது. போடுகிறவர் சிங்களம் மட்டும் பேசுகிறவராக இருக்கலாம். முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: அக்குளில் நெறிகட்டி எடுத்த பக்கத்துக் கையில் ஊசி வேண்டாம். அந்தக் கை வீங்குகிற ஆபத்து உள்ள கை. இரத்தம் எடுக்க, பிரஷர் பார்க்க அந்தக் கையைக் கொடுக்காதீர்கள் என்று நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருப்பாரே, ஊசிக்கும் அப்படித்தான். ஏற்கெனவே கை வீங்கியிருந்தால் இன்னும் கண்டிப்பு. "மே அத்தட்ட இந்திகட்டு கஹன்ன எப்பா" என்று அந்தக் கையைத் தொட்டுக் காட்டிச் சொன்னால் போதும், விளங்கிக்கொள்வார்கள். ரேடியேஷன் பட்டு இன்னும் ஆறாத தோலிலும், கட்டி இருக்கிற இடத்திலும் குத்தக் கூடாது.

போகிற நாளில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். விடிய முதல் பஸ் பிடிக்கிற அவசரத்தில் சாப்பிடாமல் போய்ப் படுத்தால், ஊசி ஏறும்போது தலை சுற்றும். ரொட்டியோ பாணோ ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முழங்கால் வரை தூக்கக் கூடிய தளர்ந்த உடுப்பு, முழங்கை வரை ஏறும் கை. சுவெட்டரும் கொண்டுபோங்கள், கால் திறந்தபடி அரை மணித்தியாலம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

ஊசியைப் பார்த்தால் பயம் விட்டுப்போகும். ஆஸ்பத்திரி ஊசி மாதிரி உள்ளே ஓட்டை இல்லை, தலைமயிரை விடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். எனக்குப் போட்டவர் உள்பக்கக் கணுக்கால் எலும்பைத் தடவிப் பார்த்து, அதற்கு மேலே தன் நாலு விரலை அடுக்கி வைத்து அளந்தார். எலும்பின் ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயை வைத்து, அதன் மேலே நீட்டிக்கொண்டிருந்த ஊசித் தலையை விரலால் ஒரு தட்டு. நுளம்பு கடித்த அளவு. பிறகு ஊசியை மெதுவாகத் திருப்பினார். அப்போதுதான் ஒரு கனம், மரத்த மாதிரி ஒரு இழுவை, கணுக்காலிலிருந்து கெண்டைக்கால் வரை ஏறியது. அதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். சுரீர் என்று கரண்ட் அடித்த மாதிரி இருந்தாலோ குத்தல் நிற்காமல் இருந்தாலோ வாய் விட்டுச் சொல்லுங்கள், உடனே எடுத்துவிடுவார்கள். பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. நம்முடைய பெண்கள் எல்லாவற்றையும் பொறுத்துப் பழகியவர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த இடத்துக்குச் சான்யின்ஜியாவ் என்று பெயர். அதோடு கணுக்கால் எலும்புக்கும் குதிகால் தசைநாணுக்கும் நடுவில் உள்ள பள்ளம், ஒப்பரேஷன் செய்யாத கையின் மணிக்கட்டுக்கு மேல் ஓரிடம், உச்சந்தலை ஆகியவை இந்தச் சூட்டுக்கு வழக்கமாகப் போடுகிற இடங்களில் சில. ஆளுக்கு ஆள் இடங்கள் மாறும். நெஞ்சிலும் தோளிலும் ஆழமாகக் குத்த வந்தால் ஏன் என்று கேளுங்கள். அங்கே நுரையீரல் மிகப் பக்கத்தில் இருக்கிறது, நல்ல கைகள் அங்கே அவதானமாகத்தான் குத்தும்.

இருபது முப்பது நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். ஒரு துளி இரத்தம், சின்ன நீலக் கன்றல் வரலாம், பயப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் தூக்கம் வரும். இறங்கியதும் ஓடிப்போய் பஸ்ஸில் தொங்காமல் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்படுங்கள். ஊசி போட்ட இடம் பிறகு சிவந்து வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எத்தனை முறை போக வேண்டும்? ஒரு முறை போட்டுவிட்டு "ஒன்றும் தெரியல" என்று விடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. 2010இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 50 பெண்களில் பாதிப் பேருக்கு ஊசியும் பாதிப் பேருக்கு வென்லஃபாக்சின் என்ற மருந்தும் 12 வாரம் கொடுத்தார்கள். ஊசி முதல் நாலு வாரம் கிழமைக்கு இரண்டு முறை, பிறகு கிழமைக்கு ஒருமுறை. இரண்டு பகுதியிலும் சூடு ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. நிறுத்திய பிறகுதான் வித்தியாசம்: மருந்து குடித்தவர்களுக்கு இரண்டு வாரத்தில் சூடு திரும்ப ஏறியது, ஊசி போட்டவர்களுக்கு அதைவிட வெகுநாள் குறைந்தே இருந்தது. வாய் உலர்வு, தலைச்சுற்று, குமட்டல் மருந்துப் பக்கம்தான். 2024இல் அமெரிக்கா, சீனா, தென்கொரியா மூன்று நாட்டிலும் சேர்த்து 158 பெண்களிடம் பார்த்தபோதும், 10 வாரத்தில் 20 தடவை ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குச் சூடும் குறைந்தது, அன்றாட வாழ்க்கையும் லேசானது.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016இல் அவுஸ்திரேலியாவில், புற்றுநோய் இல்லாத, மாதவிடாய் நின்ற அல்லது நிற்கும் கட்டத்தில் இருந்த 327 பெண்களில் ஒரு பகுதிக்கு உண்மையான ஊசியும் மற்றப் பகுதிக்குத் தோலைத் துளைக்காத மொட்டை ஊசியும் வைத்தார்கள். இரண்டு பகுதிக்கும் சூடு 40 சதவீத அளவில் குறைந்தது. அதாவது படுத்து ஓய்வெடுப்பதும், ஒருவர் நம்மைக் கவனிக்கிறார் என்பதும், நம்பிக்கையும் சேர்ந்து ஒரு பங்கு வேலை செய்கிறது. எது செய்தாலும் எனக்கு இரவில் தூக்கம் கிடைத்தால் சரி என்பது என் எண்ணம். ஆனால் கடன் வாங்கி, நகையை அடகு வைத்துப் போகிற அளவுக்கு இது உறுதியான மருத்துவம் இல்லை. அப்படிச் செய்ய வேண்டாம். எத்தனை தடவைக்கு மொத்தம் எவ்வளவு என்று முதல் நாளே கேட்டுவிட்டு, முடிந்தால் மட்டும் தொடங்குங்கள்.

தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிழமைக்கு இரண்டு நாள் என்பது நடக்காத காரியம். இரண்டு நாள் பேர், அதாவது நாள் சம்பளம், போனால் வீட்டில் அடுப்பு எரியாது. கிழமைக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை திறக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள். இத்தாலியில் 190 பெண்களிடம் செய்த ஆய்வில் மொத்தமே 10 தடவைதான் போட்டார்கள், பலன் கிடைத்தது. நானும் கிழமைக்கு ஒன்றுதான். என் கொப்பியில் முதல் இரண்டு மூன்று வாரம் பெரிய மாற்றம் இல்லை. அப்புறம்தான் 3, 4 என்ற இலக்கங்கள் குறைந்து 1, 2 ஆக மாறின. சூடு இப்போதும் வருகிறது. வந்தாலும் வகுப்பை நிறுத்தாமல் படிப்பிக்க முடிகிறது, இரவில் எழும்பினாலும் திரும்பத் தூங்க முடிகிறது. பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போனேன், கொப்பியில் இலக்கம் ஏறினால் மட்டும் ஒருமுறை போய்வருவேன்.

போக முடியாத வாரங்களில், அந்தக் கணுக்கால் இடத்தைப் பெருவிரலால் ஓரிரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளலாம். ஊசியின் பலன் அதில் வரும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கெடுதி இல்லை. வீட்டில் யாரும் தைக்கிற ஊசியை எடுத்துக் குத்திப் பார்க்க வேண்டாம். சாத்தாவாரிக் கஞ்சி, சோயாக் குளிசை, "பெண்களுக்கு நல்லது" என்று கொடுக்கிற மூலிகைத் தூள் எதையும் கிளினிக்கில் காட்டாமல் தினமும் குடிக்காதீர்கள். ஈஸ்ட்ரஜன் மாதிரி வேலை செய்கிற பொருட்கள் அப்படியான சிலவற்றில் உண்டு, நமக்கு அது வேண்டாத விருந்தாளி.

ஆறு எட்டு வாரம் ஒழுங்காகப் போயும் கொப்பியில் இலக்கம் இறங்கவில்லை என்றால், நிறுத்திவிட்டு அந்தக் கொப்பியோடு கிளினிக்குக்குப் போங்கள். வென்லஃபாக்சின், கபாபென்டின் போல இந்தச் சூட்டுக்குக் கொடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. பார்மசியில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம், ஏனென்றால் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகளான பரொக்சிடின், ஃபுளுவொக்செடின் இரண்டும் தமொக்சிஃபென் ஈரலில் மாறி முழுப் பலம் பெறுவதைத் தடுத்துவிடும். ஏற்கெனவே அவற்றைக் குடிக்கிறவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. இரண்டு மட்டையையும் ஒன்றாகக் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வையுங்கள். குளிசையை இடையில் விட்டிருந்தால் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஏசுவார்கள் என்று பயந்து மறைக்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து திரும்ப எப்படித் தொடங்குவது என்று அவர்கள் சொல்லித் தருவார்கள்.